சும்மா படுத்திருந்த டிராகன்

புதிதாக டேபிள் நடத்த வந்திருக்கும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்று கடைக்கார மேடம் சொன்னார். நாலு வார்த்தையோடு நிறுத்த எனக்கு வராது. டீயை வாங்கிக்கொண்டு உட்காருங்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள், அதனால் நான் சொல்லச் சொல்ல மேடம் எழுதிக்கொள்கிறார். அழகுபடுத்துகிறேன் என்று எதையும் மாற்றக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டுவிட்டோம்.

டைஸ் உருட்டுவது, விழுந்த எண்ணோடு எதைக் கூட்டுவது, யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம், இதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதைச் சொல்ல நான் வேண்டாம். ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஏன் டிராகன் வேண்டும், மாயக்காடு வேண்டும், கூர்க்காது வைத்த ஆட்கள் வேண்டும் என்பது. இதை நான் யோசித்த அளவுக்கு இந்தக் கடையில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் யாருக்கும் என் அளவுக்கு வயிறு எரியவில்லை.

காசு கொடுத்து உட்கார்ந்து விளையாடுகிற இந்தக் கடை உங்களுக்குத் தெரிந்ததுதான். ராஜகீழ்ப்பாக்கம், டயர் கடைக்கு மேல் மாடி. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் லைன் பார்த்துவிட்டு ஓய்வு வாங்கிய பிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இங்கே கிச்சனுக்கு வந்தேன். வெங்காய பஜ்ஜி, காபி, சனிக்கிழமை சுண்டல். பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு டேபிள் டேபிளாகப் போகும்போது காதில் விழும். ஒருத்தர் கதை சொல்கிறார். சுற்றி உட்கார்ந்திருக்கும் அஞ்சாறு பேர் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அந்தக் கதைக்குள் நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்கிறார்கள். நடக்குமா நடக்காதா என்று டைஸ் சொல்கிறது. முதலில், படித்த பிள்ளைகளுக்கு இப்படியும் ஒரு கேடு வருமா என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் பஜ்ஜியை வைத்துவிட்டு அங்கேயே நிற்க ஆரம்பித்தேன்.

அப்போது டேபிள் நடத்திக்கொண்டிருந்தவர் ஒரு தாடிக்காரர். தாடி சார் என்றே கூப்பிடுவேன். பேரைச் சொன்னால் கூச்சப்படுவார், சொல்லவில்லை. ஒரு நாள் அவருடைய கதையில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பழைய பங்களா. கேட்டில் வாட்ச்மேன். ஆடுகிறவர்கள் உள்ளே போக வேண்டும். அந்த வாட்ச்மேனாக ஒரே மாதிரி பேசிப் பேசி தாடி சாருக்கு அலுத்துப் போயிருந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, வாட்ச்மேன் இப்ப என்ன கேப்பான், நீங்க சொல்லுங்க" என்றார்.

கையில் தட்டு. எனக்கென்ன, லைனில் புதுப்பெண் வந்தால் கேட்பதையே கேட்டேன். "எந்த ஊரு? எந்தத் தெரு? இன்னா வேலையா வந்த?"

டேபிள் கப்சிப். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருத்தன் நிஜமாகவே எச்சில் விழுங்கினான். நான் பாவம் பார்த்து, "சொல்லுப்பா, பயப்படாத" என்று சொல்ல வாயெடுத்தேன். தாடி சார் மேஜைக்கு மேல் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். பிறகு கிச்சனில் வந்து சொன்னார்: "கேட்டுட்டீங்கல்ல. கேட்டதுக்கு அப்புறம் வாயை மூடிக்கிட்டு அவங்க முகத்தைப் பாருங்க. அந்த நேரம் அவங்களோடது. அதுல நீங்க கை வைக்கக் கூடாது."

நான் இந்தத் தொழிலில் படித்த பாடம் இதுதான். அவர் வெளிநாடு போகும்போது மேடத்திடம் என் பேரைச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கிடைத்தது ஜன்னலோர டேபிள். இப்போது நீங்கள் பார்ப்பது போல அப்போதும் அதுதான் பெரியது. ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். ஏசிக் காற்று நேரே விழும், கீழே பஸ் போவது தெரியும். அதில் உட்கார்ந்து என் ஊரையே கதையாக வைத்தேன். கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியிலேயே சாம்பார் தீர்ந்துவிட்டது, இரண்டாம் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார். வண்டலூர் காட்டுப் பக்கமிருந்து ஒரு சிறுத்தை, முகூர்த்த நேரத்தில் அதே மண்டபத்துக்குள். சிட்லப்பாக்கத்தில் வெள்ளம், மொட்டை மாடியில் பிரசவ வலி. எல்லாம் நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான். பெரம்பூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒவ்வொருவரும் உட்கார்ந்ததும் மூன்று கேள்வி கேட்பேன். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன வேலை. பதில் சொல்லி முடித்தால் ஆள் பிடிபட்டுவிடுவார். எனக்கு அதில் பெருமை, இன்றைக்கும் பெருமைதான்.

அப்புறம் விக்கி வந்தான்.

புதிதாக டேபிள் நடத்த வந்த ஒல்லிப் பையன். வெல்வெட் பையில் டைஸ், துணியில் வரைந்த மேப், தொண்டையை இறுக்கிக்கொண்டு ஒரு குரல். பாத்ரூம் பக்கத்து டேபிளைத்தான் அவனுக்குக் கொடுத்தார் மேடம். வார்காண் என்று ஒரு மலை. இல்லாத மலை, இல்லாத ஆறு, இல்லாத ராஜா. பஜ்ஜி கொண்டுபோனபோது நின்று கேட்டேன். ஒருத்தி காற்றோடு பேசுகிறாள். ஒருத்தன் தன் கோடாலிக்குப் பேர் வைத்திருக்கிறான். இது எத்தனை நாளைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் என் டேபிளிலிருந்து போனது ஒரு கல்லூரிப் பையன். அடுத்து அவன் சிநேகிதன். அப்புறம் பெரம்பூர்க்காரர்கள். என்னிடம் வந்து, "எஸ்தர் ஆன்ட்டி, பஜ்ஜி உங்க கையாலயா?" என்று ஆசையாகக் கேட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய் பாத்ரூம் ஓரம் நின்றுகொண்டே விளையாடினார்கள். உட்கார இடமில்லை அங்கே. என் பக்கம் நாற்காலிகள் காற்று வாங்கின. ஒரு சனிக்கிழமை அவர்கள் டேபிளுக்குப் போகும் சட்னியில் காரத்தைக் கூட்டிப் பார்த்தேன். தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தின்றுவிட்டு, டிராகன் நெருப்பு இப்படித்தான் இருக்கும் என்று சிரித்தார்கள்.

கடைசியில் ஜெயந்தியும் போகலாமா வேண்டாமா என்று ஊசலாடினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஜெயந்தி கேம்ப் ரோட்டில் சூப்பர்மார்க்கெட் பில்லிங்கில் நிற்கிறவள். என் டேபிளின் உயிரே அவள்தான். சிறுத்தை வந்த அன்று கல்யாண மாலையைக் கழற்றி அதன் முன்னால் ஆட்டினவள் அவள்.

"இன்னா ஜெயந்தி, நீயும் காதை இழுத்து கூராக்கிக்கப் போறியா?"

"சும்மா பாத்துட்டு வர்லாம்னு ஆன்ட்டி."

"இங்க இன்னா கொறச்சல்?"

"கொறச்சல்லாம் இல்ல ஆன்ட்டி." தலையைக் குனிந்துகொண்டாள். "வாரம் பூரா இங்கதான கீறேன். சனிக்கிழமையும் இங்கயே இருக்கணுமான்னு கீது."

எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரமே மேடம் கூப்பிட்டார். கணக்குப் பார்க்கும் மேஜைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். நல்ல செய்தி சொல்பவர்கள் யாரும் ஸ்டூல் போட மாட்டார்கள்.

"எஸ்தரம்மா, ஜன்னல் டேபிளை விக்கிக்குக் குடுத்துடலாம்னு பாக்கறேன். அவங்க எல்லாம் நின்னுக்கிட்டு விளையாடறாங்க."

"நான் எங்க போறது?"

"சின்ன டேபிள் இருக்கு. இல்லைன்னா, உங்களுக்கு ரெஸ்ட் வேணும்னா, கிச்சனை மட்டும் பாத்துக்கலாம்."

"இந்த சனிக்கிழமை என் டேபிள் ரொம்பினா?"

"ரொம்பி, அடுத்த வாரமும் அவங்களே வந்தாங்கன்னா, உங்களுக்குத்தான்."

பாருங்கள், மேடம், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: நீங்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் தையல் லைனில் என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டதே கிடையாது. கிச்சன் மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஆறு பேர் நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, அடுத்து என்ன என்று சொல்வதற்கு முன் ஒரு மூச்சு இழுக்கிறோமே, அந்த இடத்தில் இருந்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு என் சிறந்த கதையை எடுத்தேன். தண்ணீர் லாரி. கோடைக்காலம், கீழ்க்கட்டளையில் ஒரு அபார்ட்மென்ட், இரண்டு பிளாக், வந்தது ஒரே லாரி. ஜெயந்தியைக் கெஞ்சி உட்கார வைத்தேன். தெரிந்தவர், தெரிந்தவரின் தங்கை என்று பிடித்ததில் ஆறு நாற்காலியும் நிரம்பிவிட்டது. ஆறாவதாக வந்தவர் ஒரு பெரியவர். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை. கடைக்கே அவர் புதுசு. அவருடைய மருமகள், சனிக்கிழமை அங்கே போய்விட்டு வாருங்கள் மாமா என்று அனுப்பியிருந்தாள். வேஷம் என்ன வேண்டும் என்று கேட்டேன். "அசோசியேஷன் செக்ரட்டரி. அதுதான் எனக்குப் பழக்கம்" என்றார்.

ஜெயந்திக்கு லாரி டிரைவர் வேஷம். அவள் முகம் ஒரு மாதிரி இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆறு நாற்காலி நிரம்பிய சந்தோஷத்தில் இருந்தேன்.

ஆரம்பத்திலேயே இழுபறி. "பல்லாவரத்துலேர்ந்து லாரி வருது, மேம்பாலம் தாண்டி லெஃப்ட்ல திரும்புது" என்றேன்.

"அங்க லெஃப்ட் எடுக்க முடியாதே ஆன்ட்டி" என்றார் டேபிளில் ஒருத்தர்.

"முன்ன எடுக்கலாம்."

"இப்ப டிவைடர் போட்டுட்டாங்க."

"சரி, ரைட்ல வரட்டும்."

"ரைட்ல ஸ்கூல். அந்த நேரத்துக்கு லாரிய விட மாட்டாங்க."

லாரி தெருவுக்குள் வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. விக்கிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. வார்காண் மலையில் எந்தப் பக்கம் திரும்பலாம் என்று அவனிடம் யார் கேட்பது? அவன் சொன்னதுதான் ரோடு. நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: தெரிந்த ஊரில் கதை வைத்தால் டேபிளில் இருக்கும் ஒவ்வொருவரும் உங்களைவிட ஊர் தெரிந்தவர்கள். கதைக்குள் இறங்க வந்தவர்கள், கதையைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒருவழியாக லாரி வந்து நின்றது. செக்ரட்டரியாக உட்கார்ந்த பெரியவர், "தண்ணியை முதல்ல பின்னாடி பிளாக்குக்கு விடுங்க. முன்னாடி பிளாக் வால்வை மூடியாச்சு" என்றார்.

ஜெயந்தி டைஸைக் கையில் எடுத்தாள், போடவில்லை.

"இங்கயும் மூடிட்டீங்களா சார்?"

"என்னம்மா?"

"இங்கயும் எங்க பிளாக் வால்வத்தான் மூடுவீங்களான்னு கேட்டேன். நான் முன் பிளாக்கு, கிரவுண்டு ஃப்ளோர். வாடகைக்கு கீறேன். உங்களுக்கு என் மூஞ்சி தெரியாது. எனக்கு உங்க மூஞ்சி நல்லா தெரியும். தெனம் காலைல வேலைக்குக் கெளம்பற நேரத்துக்கு கொழாய்ல காத்து வருது."

நிஜத்தில் இரண்டு பேரும் ஒரே அபார்ட்மென்ட். எனக்கு எப்படித் தெரியும்? அவள் ஒவ்வொரு தடவையும் கற்பனையாக ஒரு தெருப் பேரைத்தான் சொல்லியிருக்கிறாள்.

"இது ஆட்டம்மா" என்றார் பெரியவர்.

"ஆட்டத்துலயாவது தொறந்து வுடலாம்ல சார். காசா பணமா?"

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் கேட்டாள், அவர் பதில் சொல்ல வேண்டும். தாடி சார் இருந்திருந்தால் மேஜைக்கு மேல் கையை நீட்டியிருப்பார். நான் வாயைத் திறந்தேன். "டைஸ் போடுங்க சார், டைஸ் போட்டுப் பாத்துக்கலாம்" என்றேன். நிஜமான கோபத்துக்கு நடுவில் டைஸ் என்றால் எந்த மனுஷனுக்கும் அவமானமாக இருக்கும். பெரியவர் எழுந்தார், நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார், போய்விட்டார். மடிப்புக் கலையவில்லை, முகம் மட்டும் கலைந்திருந்தது. ஜெயந்தி பையை எடுத்துக்கொண்டாள். மீதி நாலு பேரும் போனைப் பார்த்தார்கள். அந்தச் சமயம் பார்த்து பாத்ரூம் ஓரம் விக்கியின் ஆட்கள் எதற்கோ கை தட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை துணி மேப் என் ஜன்னல் டேபிளில் விரித்துக் கிடந்தது.

"ஒரு தடவை உக்காந்து விளையாடித்தான் பாருங்களேன்" என்றார் மேடம். நானும் உட்கார்ந்தேன். நல்ல எண்ணத்தில் உட்காரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மலை எவ்வளவு பொய் என்று எல்லோருக்கும் முன்னால் உரித்துக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் என் மனதில். ஜெயந்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். எனக்கு முகம் கொடுக்கவில்லை. அதைவிட, அந்தப் பெரியவரும் வந்திருந்தார். மருமகள் திரும்பவும் அனுப்பினாளோ, தானே வந்தாரோ. மேஜையின் இந்தக் கோடியில் ஜெயந்தி, அந்தக் கோடியில் அவர். வணக்கம்கூட இல்லை.

விக்கி தொண்டையை இறுக்கினான். "வார்காண் மலை உச்சியில ஒரு ஊற்று. அதை வளைச்சு ஒரு டிராகன் படுத்திருக்கு. மலையில ரெண்டு ஊர். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டு ஊர்லயும் தண்ணி இல்லை."

அது என் கதை. என் லாரி. பாத்ரூம் ஓரத்திலிருந்து காதைத் தீட்டிக் கேட்டிருக்கிறான். என் லாரியைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கு இறக்கை முளைக்க வைத்துவிட்டான்.

"ஆன்ட்டி, உங்க கேரக்டர்? எல்ஃப்பா, ட்வார்ஃபா? கூர்க்காதா, குள்ளரா?"

"தாம்பரம்" என்றேன்.

சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "சரி, தாம்பரம். மலைப் பாதையில ஒரு கேட் இருக்கு. அதுக்குக் காவல் நீங்கதான்."

அப்படியா சேதி, என்று நினைத்துக்கொண்டேன். ஒருத்தரையும் மேலே விடக் கூடாது. டிராகன் மூஞ்சியை யாரும் பார்க்கக் கூடாது. அது அப்படியே கிடந்து காய வேண்டும். கோடாலிக்குப் பேர் வைத்தவன் முதலில் வந்தான்.

"டிராகன் தெனம் குடிக்குதே, அதுக்குத் தண்ணி யாரு கொண்டாராங்க?" என்றேன்.

"ஊற்று மேலயே படுத்திருக்கே ஆன்ட்டி."

"படுத்திருக்கற எடத்துலயே எல்லாத்தையும் பண்ணுதா? அப்ப அந்தத் தண்ணிய எப்படிக் குடிப்பீங்க?"

டேபிளே குலுங்கியது. விக்கி முழிப்பான் என்று பார்த்தால், அதைக் குறித்து வைத்துக்கொண்டு, "செம பாயின்ட் ஆன்ட்டி. ஊற்றுத் தண்ணி பச்சை நிறத்துல ஓடுது" என்றான். நான் கல்லெறிய எறிய அவன் அதை வைத்துச் சுவர் கட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்தது பெரியவர். அவர் மேல் ஊர் ராஜா. குள்ள ராஜா, நீளத் தாடி, இரும்புக் கவசம். என் கேட் முன்னால் வந்து நின்றார். நான் விடவில்லை.

"எந்த ஊரு? எந்தத் தெரு? இன்னா வேலையா வந்த?"

"மேல் ஊர். நான் அதுக்கு ராஜா. தண்ணிக்காக வந்தேன்."

"ராஜாவுக்குத் தண்ணி எதுக்கு? ஆள் வெச்சுத் தூக்கிக்க வேண்டியதுதான?"

வம்புக்குத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை தாடி சார் சொன்னது தானாகவே ஞாபகம் வந்தது. பெரியவர் அந்தத் துணி மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராணி படுத்த படுக்கை" என்றார். "கட்டிலை விட்டு இறங்கறதில்லை. காலையில துடைச்சு, துணி மாத்தணும். மேல் ஊருக்குத் தண்ணி ஏறாது. கீழ் ஊர்ல வாய்க்காலை மூடினாத்தான் ஏறும். அதனால ராஜா தினம் காலையில இறங்கிப் போய் மூடறார்."

"ஊருக்குச் சொல்லலாமே."

"ராணிக்குப் பிடிக்காது. தன் நிலைமை நாலு பேருக்குத் தெரியறது அவளுக்குப் பிடிக்காது. அதுவுமில்லாம, ராஜா போய் எப்படிச் சொல்லுவார்?"

அவர் குரலில் ராஜாவே இருந்தார். கண் மட்டும் அவருடையது.

நான் ஜெயந்தியைப் பார்க்காமல் பார்த்தேன். அவள் கீழ் ஊர்த் திருடி. கூர்க்காது, இடுப்பில் கத்தி. ரொம்ப நேரம் டைஸை விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ராஜா."

"சொல்லு."

"கீழ் ஊர்ல உங்கள வாய்க்கு வந்தபடி திட்டினு கீறாங்க. காரணம் தெரியாம."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா எதுக்கு நீங்க எறங்கி வரணும்? காலைல நேரம் சொல்லுங்க, நாங்களே மூடிட்டு வேற வேல பாக்கறோம். மூடற அந்த நேரத்துக்கு முன்னாடி ரெண்டு கொடம் புடிச்சி வெச்சிக்கறோம். ராணிக்குன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன். திருடி மேல சத்தியம்."

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏழு மணி" என்றார். ராஜா காலத்தில் ஏழு மணி ஏது என்று யாரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டேன்.

அன்றைக்கு யாரும் டிராகன் வரைக்கும் போய்ச் சேரவில்லை. அது மலை உச்சியில் சும்மா படுத்திருந்தது. ஒரு மூச்சுக்கூட விடவில்லை. ஆனால் எல்லோரும் எழுந்து போகும்போது என்ன சொன்னார்கள் தெரியுமா? "டிராகன் செஷன் செம விக்கி." முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். கேள்வி கேட்டது நான். வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது நான். லாரி என்னுடையது. பேர் டிராகனுக்கு.

பஸ்ஸில் போகும்போது இதையே நினைத்துக்கொண்டு போனேன். அந்தப் பெரியவர் என் டேபிளில் செக்ரட்டரியாகவே உட்கார்ந்தார். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன வேலை என்று நான் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். அங்கே அவர் வாயிலிருந்து ராணி வரவில்லை. இரும்புக் கவசமும் ஒட்டுத் தாடியும் மாட்டிய பிறகுதான் வந்தாள். ஜெயந்தியும் அப்படித்தான். பில் போடுகிற ஜெயந்தியால் பாங்க் சாரோடு சண்டைதான் போட முடிந்தது. திருடியால் ராஜாவோடு பேச முடிந்தது. டிராகன் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அது இருக்கும்போது எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அந்த மறைவில் மனுஷர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்கிறார்கள். இது எனக்குப் புரிந்ததில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. புரிந்தபின் எரிச்சல் கூடத்தான் செய்தது. அந்தப் பையன் இதையெல்லாம் யோசித்துச் செய்தானா, துணி மேப் அழகாக இருக்கிறதே என்று செய்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் யோசித்துத்தான் செய்தேன் என்பான். அதனால் கேட்கவில்லை.

சின்ன டேபிளில் நான் முழங்கால் வலி முற்றும்வரை உட்கார்ந்தேன். நாலு நாற்காலி. டிராகன் வைக்கவில்லை. எத்தனையோ பேர் கேட்டார்கள், வைக்கவில்லை. ஆனால் கல்யாண மண்டபத்தைத் தூக்கி ஒரு தீவில் வைத்தேன். தாம்பரத்தின் பேரை எடுத்துவிட்டு வேறு பேர் வைத்தேன். அதற்கப்புறம் எந்தப் பக்கம் லெஃப்ட் என்று ஒருத்தரும் என்னைத் திருத்தவில்லை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே வையுங்கள், ஆனால் ஊர்ப் பேரை மாற்றி வையுங்கள். ஆட்களுக்கு ஒரு தாடியோ காதோ கொடுங்கள். கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொள்ளுங்கள். கோபம் நிஜமாக வந்துவிட்டால் டைஸை மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள். இவ்வளவுதான் என் தொழில்.

விக்கி இப்போது கேளம்பாக்கத்தில் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறான். கூட்டம் தாங்கவில்லையாம். போன மாதம் கேம்ப் ரோட்டில் ஜெயந்தியைப் பார்த்தேன். முன்பே புக் பண்ணி அங்கே போய் வந்திருக்கிறாள். பெரியவரும் கூடப் போனாராம், அவளுடைய ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு. அவர் வீட்டு ராணி போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றும் சொன்னாள். காரியத்தன்று இரண்டு பிளாக் ஆட்களும் வந்து நின்றார்களாம்.

கொஞ்ச நேரம் அதைப் பேசினோம். அப்புறம் அவள் சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, உங்களப் பாக்கத்தான் புக் பண்ணியும் அன்னிக்கு அவ்ளோ நேரம் லைன்ல நின்னோம்" என்றாள்.

"என்னையா? நான் வூட்டுலதான கீறேன்."

"நீங்க இல்ல. அங்க கீற எஸ்தரு. மலைப் பாதைல கேட்டாண்ட ஒரு கெழவி உக்காந்துனு கீது. எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்கும். விக்கிதான் அந்தக் கொரல்ல பேசுது. அதுக்கு பதில் சொல்லாம ஒருத்தரும் மேல போவ முடியாது. டிராகன வுட்டுட்டு அந்தக் கெழவியப் பாக்கவே ஜனம் வருது ஆன்ட்டி. போன வாரம் ஒரு பொண்ணு அதுங்கிட்ட பேசிட்டு அழுதுச்சு."

"நான் கேக்கற மாதிரியே கேக்குதா?"

ஜெயந்தி முகஸ்துதிக்காகப் பொய் சொல்லாத பெண்.

"கோச்சிக்காதீங்க ஆன்ட்டி. உங்கள விட நல்லா கேக்குது. கேட்டுட்டு ரொம்ப நேரம் சும்மா இருக்குது."

தாடி சார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. நான் விக்கிக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அன்றைக்கு ஒரு நாள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததைப் பார்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறான்.

என் முழங்காலுக்கு கேளம்பாக்கம் தூரம்தான். பரவாயில்லை. வருகிற சனிக்கிழமைக்கு ஜெயந்தி எனக்கும் ஒரு இடம் போட்டிருக்கிறாள். லைனில் நிற்பேன். என் முறை வந்ததும் அந்தக் கிழவி முன்னால் போய் நிற்பேன். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் கேட்டுவிடுவேன், எந்த ஊர், எந்தத் தெரு, என்ன வேலையாக இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். எவ்வளவு நேரமானாலும்.